பொதுக்குழுவில் 20 நிமிடம், கையில் 28 ஸ்லைடு. எதை வெட்டுவது?

மூன்றாவது மாடி

எல்லாருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. போன பொதுக்குழுவில் "யார் வருகிறீர்கள்?" என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கீழே கார் பார்க்கிங்கில் கூட்டம். எங்கள் மழைநீர் சேகரிப்புத் தொட்டி பல வருடங்களாக அடைத்துக் கிடக்கிறது. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்ததற்கு அடுத்த வருடம் கட்டிய கட்டடம் இது; கணக்குக்கு ஒரு குழி தோண்டி ஜல்லி போட்டு மூடியிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைத் தூர்வாரி, மழைநீரைப் பூமிக்குள் இறக்கப் புதிதாக 3 உறை கிணறு போட வேண்டும். மொத்தம் 1,80,000 ரூபாய், வீட்டுக்கு 7,500. இதற்குச் சம்மதம் வாங்க வேண்டும்.

பொருளாளர் எனக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார், அதுவும் லிஃப்ட் பஞ்சாயத்து முடிந்த பிறகு. நான் 28 ஸ்லைடு செய்துவிட்டேன். நிலத்தடி நீர் என்றால் என்ன, சேகரிப்பு முறைகளின் வகைகள், 9 பயன்கள், கான்ட்ராக்டர் கொடுத்த எக்செல் பட்டியல், கடைசியில் சூரியகாந்திப் பூவோடு ஒரு "நன்றி".

போன வருடம் சம்ப் மோட்டாருக்காக இப்படித்தான் செய்தேன். இரவல் லேப்டாப்பில் திறந்ததும் தமிழ் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக மாறிவிட்டது. ஆங்கிலத்தில் இருந்த ஸ்லைடுகளை எல்லாரும் உதடு அசைய வாசித்தார்கள். நான் பேசியதை யாரும் கேட்கவில்லை. ஏழாவது வரியில் ஒரு எழுத்துப்பிழை, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். மோட்டார் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

வருபவர்கள் சுமார் 30 பேர். பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இரண்டு வீட்டில் தமிழ் வாசிக்க வராது. எதை வெட்டுவது? தமிழிலா, ஆங்கிலத்திலா? மனப்பாடம் செய்வதா, பார்த்து வாசிப்பதா?

பழைய வரைபலகை

அம்மா, முதலில் லேப்டாப்பை மூடுங்கள். ஒரு தாளில், ஞாயிறு இரவு மினிட்ஸ் நோட்டில் எந்த வரி ஏற வேண்டுமோ அதை எழுதுங்கள். "3 உறை கிணறு அமைக்கவும், வீட்டுக்கு ரூ.7,500 வீதம் வசூலிக்கவும் தீர்மானிக்கப்பட்டது." அதுதான் உங்கள் கடைசி ஸ்லைடு. சூரியகாந்தி வேண்டாம். கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்பது கடைசி ஸ்லைடுதான், அந்த இடத்தைப் பூவுக்குக் கொடுப்பானேன்?

அடுத்து, மீதி 27-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து, "இது இல்லாவிட்டால் யாராவது கையெழுத்துப் போட மறுப்பாரா?" என்று கேளுங்கள். நிலத்தடி நீர் என்றால் என்ன என்று தெரியாததால் யாரும் பணம் தராமல் இருக்கப்போவதில்லை. சென்னையில் கோடையைக் கழித்தவருக்கு அதை விளக்குவது, மீன்காரம்மாவுக்கு மீன் காட்டுவது போல.

நான் ஒரு அரசுப் பயிற்சி மையத்தில் 31 வருடம் வகுப்பெடுத்தவன். அப்போது ஓவர்ஹெட் புரொஜெக்டர். கண்ணாடித்தாளில் மார்க்கரால் எழுதி வைப்போம். ஸ்டோர்கீப்பர் ஒரு வகுப்புக்கு 6 தாள்தான் தருவார், அதற்கும் கையெழுத்து வாங்குவார். அந்த ஆறில் அடக்கியாக வேண்டும் என்பதால், எதைப் பேசுவது, எதை வரைவது என்று முந்தைய நாள் இரவே முடிவாகிவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதே வகுப்பு 64 ஸ்லைடு ஆனது. பிள்ளைகளின் மார்க் ஏறவில்லை.

உங்களுக்கும் ஆறு போதும். அடைத்துக் கிடக்கும் தொட்டியின் போட்டோவை முதலில் வையுங்கள். இணையத்தில் எடுத்தது கூடாது, உங்கள் தொட்டியாகவே இருக்கட்டும். இரண்டாவதாக, போன கோடையில் எத்தனை தண்ணீர் லாரி வாங்கினீர்கள் என்ற கணக்கு. ரசீதுகள் இருக்குமே? மூன்றாவது, உங்கள் மொட்டை மாடியில் எவ்வளவு மழை விழுகிறது. நான்காவது, கிணறு வரும் இடங்களைக் காட்டும் வரைபடம். ஐந்தாவது செலவு. எக்செல்லை அப்படியே ஒட்டாதீர்கள், மூன்றே வரி போதும்; முழுப் பட்டியலை நகலெடுத்துக் கையில் கொடுங்கள். ஆறாவது அந்தத் தீர்மானம்.

மாடி எத்தனை சதுர அடி?

மூன்றாவது மாடி

ஐயா, 5,000 சதுர அடி. ரசீதுகளை எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை 12,000 லிட்டர் லாரி 61. லாரிக்கு 2,000 ரூபாய் வீதம் 1,22,000. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

பழைய வரைபலகை

பார்த்தீர்களா, இவ்வளவும் உங்கள் ஃபைலில் இருந்திருக்கிறது, 28 ஸ்லைடில் ஒன்றில்கூட இல்லை. வீட்டுக்கு 5,083 ரூபாய். "லாரிச் செலவு" என்று தலைப்பு வைத்தால் யாரும் நிமிர மாட்டார்கள். "போன கோடையில் ஒவ்வொரு வீடும் லாரிக்குக் கொடுத்தது ரூ.5,083" என்று முழு வாக்கியமாகவே தலைப்பை வையுங்கள். கீழே 61 சின்ன லாரிப் படம். வேறு ஒன்றும் வேண்டாம்.

மழைக் கணக்கு: 5,000 சதுர அடி என்பது ஏறக்குறைய 465 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. பெருக்கினால் ஆறரை லட்சம் லிட்டர். ஆவியாவது, வழிந்து வீணாவது போக நூற்றுக்கு 80 என்று வைத்தால் 5,20,000 லிட்டர். உங்கள் 12,000 லிட்டர் லாரியில் 43. லிட்டரை மறந்துவிடுவார்கள், 43 லாரி மாடியில் வந்து இறங்குகிறது என்றால் லிஃப்டில் ஏறும்போதும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கூட்டத்தில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவராவது இருப்பார். "பூமிக்குள் விட்ட தண்ணீர் நம் போர்வெல்லில்தான் நிற்குமா? பக்கத்துத் தெருவுக்கும் போகுமே?" என்பார். அவர் சொல்வது சரிதான். 43 லாரி மிச்சமாகும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அத்தோடு மாட்டிக்கொள்வீர்கள். விழுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கான பதிலை ஒரு தனி ஸ்லைடாகச் செய்து, தீர்மானத்துக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். கேட்டால் காட்டலாம்.

சொட்டு நீலம்

நான் இந்த ஸ்லைடு கோஷ்டிக்கே எதிரி. 30 பேரையும் எழுப்பி, பத்தடி நடந்து, தொட்டி மூடியைத் திறந்து காட்டுங்கள் அக்கா. வேலை முடிந்தது.

மூன்றாவது மாடி

பாதிப் பேருக்கு முட்டிவலி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்.

சொட்டு நீலம்

அப்போ தொட்டியைக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி ஒரு பக்கெட் சேற்றை அள்ளி முன்வரிசைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

ஹெச்டிஎம்ஐ தம்பி

மேடம், நான் கல்யாண மண்டபங்களில் புரொஜெக்டர் கட்டுகிறவன். நீங்கள் கேட்காத விஷயம்தான் முதலில். 5 மணிக்குத் தரைத்தள பார்க்கிங்கில் நல்ல வெளிச்சம் இருக்கும். எந்தப் புரொஜெக்டர் போட்டாலும் படம் வெளுத்துத் தெரியும். செப்டம்பரில் ஆறேகாலுக்காவது போனால்தான் இருட்டு இறங்கும். லிஃப்ட் பேச்சு முதலில் நடக்கட்டும், உங்கள் பொருளாளர் தெரியாமல் நல்லது செய்திருக்கிறார். அப்போதும் திரைக்கு நேர் மேலே இருக்கும் டியூப்லைட்டை மட்டும் அணையுங்கள். எல்லாவற்றையும் அணைத்தால் பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள், கொசுவும் வரும்.

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து லேப்டாப்பில் ஜோராக இருக்கும், பெட்ஷீட் திரையில் ஒன்றும் தெரியாது. வெள்ளையில் கறுப்பே நல்லது. எழுத்து 30 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். தமிழில் அதே விஷயம் அதிக இடத்தைப் பிடிக்கும், வரிக்கு மேலே புள்ளியும் கொக்கியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியையும் கூட்டுங்கள். நெருக்கினால் மேல்வரி கால் கீழ்வரி தலையில் இடிக்கும்.

போன வருடக் கிறுக்கல், நீங்கள் பழைய வகை எழுத்துருவில் தட்டியதால் வந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். இந்த முறை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டுங்கள். நிர்மலா யுஐ என்ற எழுத்துரு விண்டோஸிலேயே இருக்கிறது, இல்லை என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். கூடவே ஒரு பிடிஎஃப் எடுத்துப் பென்டிரைவில் போட்டு வையுங்கள், அது எங்கே திறந்தாலும் மாறாது.

கடைசியாக இரண்டு விசை. பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது 'பி' அழுத்தினால் திரை கறுப்பாகும், எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். திரும்ப அழுத்தினால் படம் வரும். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகும். ஐயா சொன்ன ஒளித்து வைத்த ஸ்லைடுக்கு இது உதவும்.

தாழ்வாரம்

தலைப்பை வாக்கியமாக வைக்கச் சொன்னதற்கு ஒரு சேர்க்கை: அந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்க வேண்டும். 2003 பிப்ரவரி 1-ல் கல்பனா சாவ்லா உட்பட 7 பேரோடு சிதறிய கொலம்பியா விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். ஏறும்போதே ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையில் அடித்திருந்தது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அதுபற்றி நாசாவுக்கு ஸ்லைடு காட்டினார்கள். ஒன்றின் தலைப்பு பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் இருந்தது. அடித்த துண்டு, சோதனையில் பயன்படுத்தியதைவிட 640 மடங்கு பெரிது என்பதற்கான எண்கள் அதே ஸ்லைடில் கடைசி வரியில், சின்ன எழுத்தில் கிடந்தன. விசாரணைக் குழுவின் அறிக்கையே அந்த ஸ்லைடை எடுத்துப்போட்டுக் குறை சொல்லியிருக்கிறது. தகவலைப் படமாகக் காட்டுவது பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டி அதை வரிவரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

உங்கள் பக்கத்துத் தெரு விஷயத்தையும் அப்படிக் கடைசி வரியில் புதைக்காதீர்கள். ஐயா மன்னிக்கணும், அதை ஒளித்து வைக்கச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய வரைபலகை

தம்பி சொல்வது நியாயம்தான். மழைக் கணக்கைச் சொல்லும்போதே வாயால் ஒரு வரி சொல்லிவிடுங்கள் அம்மா. விளக்கம் மட்டும் பின்னால் இருக்கட்டும்.

பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி ஒன்றும் மட்டும் நாக்கில் இருந்தால் போதும். சமையலறையில் நின்றுகொண்டு, சத்தமாக, கடிகாரம் வைத்து இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். 12 நிமிடத்தைத் தாண்டினால் எதையாவது வெட்டுங்கள். மீதி 8 அவர்களுக்கு. திரையில் தமிழும் எண்களும் இருக்கட்டும், தமிழ் தெரியாத இரண்டு வீட்டுக்கும் கையில் கொடுக்கும் தாளை ஆங்கிலத்தில் அடியுங்கள்.

மூன்றாவது மாடி

ஞாயிறு முடிந்தது. சொல்லியே ஆக வேண்டும்.

லிஃப்ட் பேச்சு 6:40 வரை இழுத்தது, நன்றாக இருட்டிவிட்டது. ஆறு ஸ்லைடு, பின்னால் ஒன்று. அக்கா பையன் லேப்டாப்பில் உட்கார்ந்தான். சேற்றுப் பக்கெட்டைத் திரைக்குக் கீழே வைத்திருந்தோம். முதல் போட்டோ வந்ததும் முன்வரிசை மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுவா நம்ம தொட்டி?" என்றார். நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

61 லாரிப் படத்தில் யாரும் பேசவில்லை. ஒருவர் மட்டும் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். 43 லாரி வந்ததும், இதில் ஒரு பங்கு பக்கத்துக்கும் போகும் என்று நானே சொன்னேன். எதிர்பார்த்த இன்ஜினியர் சார் இரண்டாவது மாடியிலிருந்து வந்திருந்தார். கேட்க எழுந்தவர், "அதான் சொல்லிட்டாங்களே" என்று உட்கார்ந்துவிட்டார். பின்னால் வைத்த ஸ்லைடு தேவைப்படவே இல்லை.

மாட்டிக்கொண்டது வரைபடத்தில். மூன்றாவது கிணற்றுக்கு நான் போட்ட வட்டம் 14-ம் எண் பார்க்கிங்கின் நட்டநடுவில் இருந்தது. அந்தக் கார்க்காரர், "அப்போ என் வண்டி எங்கே நிற்கும்?" என்றார். எத்தனை முறை அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன், இது கண்ணில் படவே இல்லை. 'பி' அழுத்தச் சொல்லிவிட்டு, "சார், இதை நான் யோசிக்கவில்லை" என்றேன். கொஞ்சம் சலசலப்பு. கடைசியில் இப்போதைக்கு இரண்டு கிணறு, வீட்டுக்கு 5,000, மூன்றாவதுக்கு வேறு இடம் பார்த்துத் தை மாதம் பேசலாம் என்று முடிவானது.

தீர்மானம் திரையில் நின்றுகொண்டிருந்தது. அக்கா பையன் அங்கேயே 3-ஐ 2 ஆக்கினான், 7,500-ஐ 5,000 ஆக்கினான். பொருளாளர் அதைப் பார்த்து அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

பக்கெட் இன்னும் கேட் பக்கத்திலேயே இருக்கிறது. யார் கொட்டுவது என்று வாட்ச்மேன் அண்ணனுக்கும் துப்புரவு அக்காவுக்கும் பேச்சு நடக்கிறது.