எபிக்டெட்டஸின் ஒரு வரியும் சிபிடி சிகிச்சையும்

கேள்வி:
வணக்கம். பதற்றத்துக்காகச் சில மாதங்களாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, பெற்று வருகிறேன். மனிதரைக் கலங்கவைப்பவை நிகழ்வுகள் அல்ல, அவற்றைப் பற்றி அவர்கள் கொள்ளும் எண்ணங்களே என்னும், பண்டைய கிரேக்க ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெட்டஸின் கூற்றை ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே சொன்னார். அது எனக்கு ஆறுதலைவிட உறுத்தலையே தந்தது. துன்பத்துக்குக் காரணம் என் எண்ணம் என்றால், குற்றமும் என்னுடையதாகிவிடாதா? இச்சிகிச்சைக்கும் ஸ்டோயிக் தத்துவத்துக்கும் மெய்யாகவே உறவு உண்டா?

மறுமொழி 1:
உண்டு. சிபிடிக்கு முன்னோடியான தம் சிகிச்சை முறையை 1950களின் நடுப்பகுதியில் உருவாக்கிய உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், நீங்கள் குறிப்பிடும் அதே கூற்றை அடிக்கடி எடுத்துக்காட்டியவர். மனச்சோர்வுச் சிகிச்சை குறித்து, சிபிடிக்கு அடித்தளமிட்ட மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1979இல் வெளியிட்ட நூலும் தம் முறையின் தத்துவ வேர்களை ஸ்டோயிக்குகளிடம் காண்கிறது. ஆயினும் பெக் அம்முறையை வந்தடைந்தது, உளப்பகுப்பாய்வாளராகப் பணியாற்றியபோது நோயாளிகளின் மனத்தில் தாமாக எழுந்து மறையும் எண்ணங்களைக் கூர்ந்து கவனித்ததால்தான்.

மறுமொழி 2:
உங்கள் உறுத்தலுக்கான பதில் அந்த வரிக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. எபிக்டெட்டஸின் போதனைகளை மாணவர் அரியன் தொகுத்த 'கையேட்டின்' 5ஆம் பகுதி அது. தன் துயருக்குப் பிறரைப் பழிப்பவன் கல்லாதவன், தன்னைப் பழிப்பவன் கற்கத் தொடங்கியவன், கற்றுத் தேர்ந்தவனோ பிறரையும் பழிப்பதில்லை, தன்னையும் பழிப்பதில்லை என்று அப்பகுதி முடிகிறது. அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஒருவர் இதைச் சொன்னார் என்பது என்னை எப்போதும் நெகிழவைக்கும். முதல் வரியை மட்டும் பிரித்தெடுத்துத் துன்பத்தில் இருப்பவரிடம் சொல்வது சரியல்ல என்றே கருதுகிறேன்.

மறுமொழி 3:
ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மேலாளர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாததால் வேலை போய்விடும் என்று ஒருவர் அஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன சான்று, வேறு காரணம் இருக்கலாகாதா என்று பெக்கின் வழிவந்தவர் கேட்பார். ஸ்டோயிக்கோ, வேலையே போனாலும் உன் அறம் குன்றுமா என்று கேட்பார். அறம் ஒன்றே நன்மை, உடல்நலமும் செல்வமும்கூட அந்த வரிசையில் சேரா என்பது அவர்கள் கொள்கை. சிகிச்சை அந்தக் கொள்கையை ஏற்கும்படி யாரையும் கேட்பதில்லை. பதற்றத்தோடு வருபவரிடம் முதல் கேள்வியே போதுமானது என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 5ஆம் பகுதியை இப்போது முழுமையாகப் படித்தேன். அடுத்த சந்திப்பில் அதன் கடைசி வரியை ஆலோசகரிடம் காட்டி, முதல் வரி என்னை எப்படி வருத்தியது என்பதையும் சொல்லப்போகிறேன்.