ரங்கூன் 1942 நாவல்: கால் சூம்பிய நாயகி அரக்கான் மலையைக் கடக்க முடியுமா?

நீலமை கேட்டது:

சரித்திரக் காதல் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் ரங்கூன், 1941 டிசம்பர். நாயகிக்கு 22 வயது, அங்கேயே பிறந்தவள், தையல் வேலை. நாலு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிவிட்டது. நாயகன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாள், அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலை உதவியாளன். ஜப்பான் படைக்குத் தப்பி, பிப்ரவரி கடைசியில் இருவரும் புரோம், டவுங்கப் வழியாக அரக்கான் மலையைக் கடந்து அக்யாப் துறைமுகத்துக்குப் போகிறார்கள். கொட்டும் மழையில் அவளைத் தோளில் சுமந்து அவன் மலையேறுகிறான், காதல் அங்கேதான் கனிகிறது. நம்பும்படி இருக்கிறதா? காலுக்கு இரும்புக் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போடலாமா?

தென்கரை:

முதலில் மழையை எடுத்துவிடுங்கள். அந்த மலையில் பிப்ரவரி, மார்ச் வறண்ட காலம். அகதிகளைக் கொன்றது தாகமும் காலராவும். சேற்றில் செத்தவர்கள் மே மாதத்துக்குப் பிறகு வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாகப் போனவர்கள். அது வேறு பாதை, வேறு நாவல்.

தேதிகளை இப்படிக் கட்டலாம். டிசம்பர் 23, 25 இரண்டு நாளும் ரங்கூனில் ஜப்பான் விமானங்களின் குண்டு விழுந்தது. 23ஆம் தேதி விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள்தான் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். மாடியிலிருந்து சட்டென்று இறங்க முடியாததாலேயே உங்கள் நாயகி பிழைக்கலாம். பிப்ரவரி 20 வாக்கில் கிளம்பினால் புரோம் வரை ரயில், சுமார் 160 மைல். ஐராவதியைக் கடந்த பிறகு டவுங்கப்புக்கு மலைப்பாதை 110 மைல். அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு கப்பலில் சிட்டகாங் அல்லது கல்கத்தா. மார்ச் 23லிருந்து அக்யாப்பிலும் குண்டு விழுகிறது, அதற்குள் அவர்களைக் கப்பலேற்றிவிடுங்கள். கப்பலிலும் முகாமிலும் தாமதமாகி ஏப்ரல் நடுவில் சென்னை ரயிலைப் பிடித்தால் இன்னும் நல்லது. ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்து, சென்னை ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலிசெய்துகொண்டிருந்த நேரம் அது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தால் இங்கே பூட்டிய வீடுகள்.

ரங்கூனிலிருந்து பிப்ரவரியிலும் கப்பல் போய்க்கொண்டிருந்தது. காசு இருந்தும் டிக்கெட் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு பத்தி எழுதுங்கள். இல்லாவிட்டால் வாசகர் முதலில் அதைத்தான் கேட்பார்.

முடநீக்கு:

காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த வாதம் தசையைத்தான் தின்னும், உணர்ச்சி அப்படியே இருக்கும். முள் குத்தினால் வலிக்கும். ‘மரத்துப்போன கால்’ என்று ஓரிடத்தில் எழுதிவிட்டால் போச்சு. கால் மெலிந்து, சற்றுக் குட்டையாக, தொட்டால் சில்லென்று இருக்கும்.

தொடையின் முன்தசை போனவருக்கு முழங்கால் பூட்டு நிற்காது. எடை விழுந்ததும் மடங்கும். அதனால் அடிக்கு அடி வலது கையால் வலது தொடையைப் பின்னுக்கு அழுத்தியபடி நடப்பார்கள். இடது கையில் கம்பு. ஆக இரண்டு கையும் மாட்டிக்கொண்டது. குடை, குடம், பெட்டி எதையும் அவளால் பிடிக்க முடியாது, மூட்டையை முதுகில் குறுக்கே கட்ட வேண்டும். பத்து நாள் நடந்த பிறகு சேலையில் உள்ளங்கை படும் இடம் மட்டும் வியர்வையிலும் புழுதியிலும் கறுத்து நைந்திருக்கும். அதை எழுதுங்கள்.

ஏற்றத்தை விட இறக்கம்தான் ஆபத்து. ஏறும்போது நல்ல காலை முன்வைத்து மற்றதை இழுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது சூம்பிய கால் முதலில் போக வேண்டும், முழங்கால் மடிவதும் அப்போதுதான். செங்குத்தான இடத்தில் உட்கார்ந்தே சறுக்குவாள். முதலில் கெடுவதும் இடது காலாகத்தான் இருக்கும். எல்லாப் பாரமும் அதன் மேல் என்பதால் கணுக்கால் வீங்கும்.

காலிப்பர் வேண்டாம் என்பேன். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, அதன் நுனி பூட்ஸின் குதிகாலில் உள்ள துளையில் செருகியிருக்கும். பூட்ஸ் கிழிந்தால் காலிப்பரும் போச்சு. ஓடையில் நனைந்த தோல்பட்டை காய்ந்ததும் விறைத்துத் தொடையை அறுக்கும், புண் சீழ் வைக்கும். காலிப்பரின் முழங்கால் பூட்டைக் கையால் தூக்கி விடுவிக்காமல் குந்தக்கூட முடியாது. அப்படியும் போட்டே ஆக வேண்டுமென்றால், பாதி வழியில் அதைக் கழற்றி எறிவதை ஒரு காட்சியாக்குங்கள்.

தென்கரை:

அப்படியானால் கணக்கு இது. நாளுக்கு ஐந்தாறு மைல் நடந்தால் 110 மைலுக்கு 20 நாள். ஆளுக்குத் தினம் 400 கிராம் அரிசி என்றால் இருவருக்கும் 16 கிலோ. வழியில் வாங்கலாம் என்று நம்பிப் போக முடியாது. அதையும் தண்ணீரையும் சுமப்பவன் 45 கிலோப் பெண்ணைத் தோளில் ஏற்றினால் நூறடி தாண்ட மாட்டான். தூக்குவது ஒரே இடத்தில் இருக்கட்டும், ஓடையைக் கடக்கும்போது.

காவேரிப்பாட்டி:

நடை இருக்கட்டும், காதலுக்கு வருவோம். அடுத்தாள் என்றால் பெரும்பாலும் நகரத்தார் பிள்ளை, மூன்று வருஷக் கணக்கில் வந்தவர், பெண்டாட்டி செட்டிநாட்டில் இருப்பாள். சாப்பாடு, படுக்கை எல்லாம் கடையோடு. தனிமைக்கு இடமே கிடையாது. அவனை அரிசி மில் கணக்கப்பிள்ளை ஆக்கிவிடுங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

தோளில் தூக்கும்போதுதான் காதல் வரும் என்றால் அது இரக்கம். அவள் ரங்கூனில் பிறந்தவள், பர்மிய மொழி தண்ணீர் பட்ட பாடு. இவனுக்கோ கடைத்தெரு பர்மியம் நாலு வார்த்தை. 1938 கலவரத்துக்குப் பிறகு இந்தியன் என்றாலே முறைக்கும் கிராமங்களில் தண்ணீருக்கும் வண்டிக்கும் பேரம் பேசப்போவது அவள்தான். வாய் திறக்காமல் பின்னால் நில் என்று அவனிடம் சொல்லட்டும். எந்த வேகத்தில் நடப்பது, எங்கே தங்குவது என்பதையும் அவளே முடிவுசெய்யட்டும்.

கடைசி அத்தியாயத்தில் வைத்தியர் வந்து காலைக் குணப்படுத்துவது, அவள் தியாகமாகச் செத்துப்போவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

முடநீக்கு:

ஒன்று விட்டுப்போச்சு. வருஷக்கணக்காகக் கம்பு ஊன்றியவளுக்குத் தோளும் கையும் உரமேறியிருக்கும். அக்யாப்பில் படகிலிருந்து கப்பலுக்கு ஏணி ஏற வேண்டியிருந்தால் கையாலேயே உந்தி ஏறிவிடுவாள். கம்பை மட்டும் அவன் கொண்டுவந்தால் போதும்.