வ.உ.சி. இழுத்த செக்குக்கும் ஆஷ் கொலைச் சதிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்குச் செக்கு மாதிரி ஒன்று செய்கிறோம். "ஆஷ் கொலைச் சதியில் தண்டனை பெற்ற வ.உ.சி. இழுத்த செக்கு" என்று பலகை எழுதியாகிவிட்டது. சரிதானா? மாதிரியில் கல்லுரலும் உலக்கையும் இருந்தால் போதுமா?

பதில் 1: பலகையை மாற்றிவிடுங்கள். அவருக்குத் தண்டனை கிடைத்தது 1908 ஜூலையில், ராஜத்துரோக வழக்கில். நீதிபதி பின்ஹே விதித்த 40 ஆண்டு மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்தது. செக்கிழுத்தது கோவைச் சிறையில். 1910 இறுதியில் கண்ணூருக்கு மாற்றிவிட்டார்கள். மணியாச்சியில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டது 17.6.1911. அப்போது வ.உ.சி. கண்ணூர்ச் சிறையில் இருந்தார். ஆஷ் கொலைச் சதி வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் நீலகண்ட பிரம்மச்சாரி, 7 ஆண்டு தண்டனை.

பதில் 2: உரலும் உலக்கையும் மட்டும் வைத்தால் நெல் குத்தும் உரல் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். உலக்கையை நட்டுக்குத்தலாக நிறுத்தவே கூடாது. சாய்ந்து குழியின் சுவரை அழுத்தினால்தான் எள் நசுங்கும். அந்தச் சாய்வைத் தருவது பாரம் ஏற்றிய பலகை: அதன் உள்முனை உரலின் அடிப்பக்கத்தை உரசிச் சுற்றும், வெளிமுனையில் நுகத்தடி. பலகைக்கும் உலக்கைத் தலைக்கும் நடுவே ஒரு வளைகட்டையும் கயிறும். பலகையில் கல் ஏற ஏற உலக்கை இறுகும், இழுப்பவருக்குச் சுமையும் கூடும். மாடு இழுக்க வேண்டிய அந்த இடத்தில் மனிதரைப் பூட்டினார்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். மாதிரியை ஓட்டிக் காட்டுவதானால் எள்ளில் இடையிடையே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இல்லாவிட்டால் பிண்ணாக்கு திரளாது, எண்ணெயும் பிரியாது.

பதில் 3: அதற்காகத் தொடர்பே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எதிராக நின்ற அதிகாரி இதே ஆஷ். வ.உ.சி. பட்ட பாட்டை நெல்லைச் சீமை மறக்கவில்லை. ஆனால் வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டலைப் பற்றிப் பேசுகிறது, வ.உ.சி. பெயர் அதில் கிடையாது. ஆகவே பலகையில் இப்படிப் போடலாம்: "ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்ட வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கின் மாதிரி. மூலச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் உள்ளது." ஆஷ் கொலைக்குத் தேதியோடு தனிப் பலகை வையுங்கள்.