பச்சைப் புள்ளி: மின்னவிட்டுப் பார்ப்பதா, திருப்பி அனுப்புவதா?

எழுத்துக்கூட்டி:
வணக்கம். 24 அங்குல ஐபிஎஸ் வகை மானிட்டர், 1920×1080 பிக்சல். இணையக் கடை ஒன்றில் வாங்கி 8 நாள் ஆகிறது. நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கும்போதுதான் கவனித்தேன்: திரையின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரு பச்சைப் புள்ளி. நான் பகலெல்லாம் வெள்ளைப் பக்கத்தில் தட்டச்சு செய்கிறவன், அங்கே அது தெரிவதே இல்லை. கறுப்பிலும் சிவப்பிலும் பளிச்சென்று தெரிகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசியில் பார்த்தால் புள்ளி இல்லை. கடையில் ரிட்டர்ன் கெடு 10 நாள். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா, இல்லை திருப்பி அனுப்பிவிடவா? ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு கண் வேறெங்கும் போக மாட்டேன் என்கிறது.

மின்மினி:
அனுப்பாதீர்கள், அவசரம் வேண்டாம். திரையில் படத்தை உருவாக்கும் நுண்புள்ளிதான் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள். உங்களுடையதில் பச்சை மட்டும் அணையாமல் நிற்கிறது. ஸ்டக் பிக்சல் என்பது இதுதான். வெள்ளையில் மூன்றுமே எரிய வேண்டும் என்பதால் அங்கே தெரியாது.

பிரவுசரில் ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ் திறந்தால் பல நிறங்களில் பரபரவென்று மின்னும் ஒரு சதுரம் வரும். அதைப் புள்ளியின் மேல் இழுத்து வைத்து 10 நிமிடமாவது விடுங்கள். விண்டோஸில் யூடிபிக்சல் என்ற சின்ன மென்பொருளும் உண்டு. என் பழைய லேப்டாப்பில் இருந்த சிவப்புப் புள்ளி 40 நிமிடத்தில் போனது. இரண்டு வருடமாகத் திரும்பி வரவில்லை. சல்லிக்காசு செலவில்லை. வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் வரவிடாதீர்கள், நீங்களும் அதை உற்றுப் பார்க்க வேண்டாம்.

சந்தேகப்பிராணி:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எங்கள் அலுவலக மானிட்டர் ஒன்றில் இருந்த நீலப் புள்ளி யாரும் எதுவும் செய்யாமலே ஒரு திங்கட்கிழமை காணாமல் போனது. சனி, ஞாயிறில் நான் ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ் ஓட்டியிருந்தால் இன்று இங்கே உங்களைப் போலவே சாட்சி சொல்லிக்கொண்டிருப்பேன். சரியானவர்கள் வந்து எழுதுகிறார்கள். ராத்திரி முழுக்க ஓட்டியும் ஒன்றும் நடக்காதவர்கள் மானிட்டரை மாற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

கேட்டவருக்கு இருப்பது இரண்டே நாள். அதைச் சோதனைக்குச் செலவழிக்கச் சொல்லாதீர்கள்.

கட்டைவிரல்:
நான் பத்து வருடமாகச் செய்வது: மானிட்டரை அணை, மெல்லிய ஈரத்துணியை மடித்துப் புள்ளியின் மேல் வை, மழுங்கிய பென்சில் முனையால் 10 விநாடி அழுத்து, அழுத்தியபடியே ஆன் செய். மூன்றில் ஒன்று போயிருக்கிறது.

சந்தேகப்பிராணி:
மற்ற இரண்டு?

கட்டைவிரல்:
ஒன்று அப்படியே இருந்தது. இன்னொன்றில் பக்கத்தில் கொஞ்சம் வெளிறிய தடம் விழுந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ரிச்சி தெருக்காரன்:
சிரித்துவிட்டேன் அண்ணே, அந்த வெளிறிய தடத்தோடு வாரத்துக்கு ஒருவர் எங்கள் கடைக்கு வருகிறார். ஒளியை விடவும் மறிக்கவும் செய்யும் திரவப் படிகம் நிற்கும் இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெல்லியது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே அவ்வளவுதான் இடம். பென்சில் முனையால் அழுத்தினால் ஒரு பிக்சலையா அழுத்துகிறீர்கள்? சுற்றியுள்ள நூற்றுக்கணக்கானதையும் சேர்த்துத்தான். புது மானிட்டரில் இதைச் செய்தால் “வெளியிலிருந்து பட்ட சேதம்” என்று எழுதி வாரன்டியை மூடிவிடுவார்கள்.

இன்னொன்று. “நிறமாக இருந்தால் ஸ்டக், பிழைக்கும், கறுப்பாக இருந்தால் டெட், பிழைக்காது” என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பேனல், அதாவது திரைத் தகடு, டிஎன், ஐபிஎஸ், விஏ இவற்றில் எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. பழைய டிஎன் பேனலில் மின்னழுத்தம் இல்லாவிட்டால் ஒளி உள்ளே புகுந்து வரும். அதனால் டிரான்சிஸ்டர், அதாவது மின்னழுத்தத்தை விடும் குட்டி சுவிட்ச், செத்த துணைப் பிக்சல்கூடப் பிரகாசமாக எரியும். ஐபிஎஸ்ஸிலும் விஏவிலும் தலைகீழ், மின்னழுத்தம் இல்லாவிட்டால் இருட்டு. ஆக இவருடைய ஐபிஎஸ்ஸில் பச்சை எரிகிறது என்றால் அங்கே மின்னழுத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டிரான்சிஸ்டர் மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை, அல்லது கசிகிறது. ஷார்ட் ஆகியிருந்தால் ஆயிரம் நிறத்தை மின்னவிட்டாலும் ஷார்ட் ஷார்ட்தான்.

மின்மினி:
முழு ஷார்ட் என்றால் ஆகாது, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மானிட்டர் சூடானதும் மறைந்து, காலையில் குளிர்ந்ததும் திரும்ப வருகிற புள்ளிகளை நீங்கள் பார்த்ததே இல்லையா சார்? அது என்ன, ஷார்ட் காலையில் வந்து மாலையில் போகிறதா? அரைகுறையாக வேலை செய்யும் துணைப் பிக்சல்களும் உண்டு. அவற்றை விடாமல் மாற்றி மாற்றி இயக்கினால் பலன் கிடைக்கலாம் என்றுதான் சொல்கிறேன். இவருடையது எந்த வகை என்று உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 10 நிமிடம் ஓட்டினால் தெரிந்துவிடும்.

ரிச்சி தெருக்காரன்:
பார்த்திருக்கிறேன். சூட்டில் போய்க் குளிரில் வரும் புள்ளி உண்மைதான். அப்படி ஒன்றை “சரியாகிவிட்டது” என்று நம்பி ரிட்டர்ன் கெடுவை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மின்னவிடும்போது மானிட்டரும் ஓடிச் சூடாகிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

மழைக்காலம்:
குறுக்கே வருகிறேன். முதலில் அது பிக்சல்தானா என்று பாருங்கள். போன ஐப்பசி மழையில் என் மானிட்டரில் கறுப்புப் புள்ளி ஒன்று. டெட் பிக்சல் என்று அரைமணி நேரம் துக்கம் காத்தேன். அப்புறம் பார்த்தால் அது நகர்கிறது! எள்ளில் பாதி அளவுப் பூச்சி, பேனலுக்கும், பின்னாலிருந்து அதற்கு ஒளி தரும் பேக்லைட் தாள்களுக்கும் நடுவே போய்விட்டது. நல்லவேளை, விரலால் அழுத்தவில்லை. நசுங்கியிருந்தால் அது அங்கேயே நிரந்தரமாக ஒட்டியிருக்கும். மானிட்டரை அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, விளிம்போரம் ஒரு மேசை விளக்கை வைத்தேன். காலையில் இல்லை.

ஒரு துளி தண்ணீரைக் கைப்பேசிக் கேமராக் கண்ணாடியில் வைத்து நெருக்கமாகப் படமெடுங்கள், பூதக்கண்ணாடி மாதிரி காட்டும். பிக்சல் என்றால் கட்டத்துக்குள் ஒழுங்காக அடங்கிய ஒரு கோடு தெரியும். தூசியும் பூச்சியும் ஒழுங்கில்லாமல், விளிம்பு மங்கிக் கிடக்கும்.

எழுத்துக்கூட்டி:
எடுத்துப் பார்த்தேன் தோழி, அருமையான யோசனை. ஒரே ஒரு பச்சைக் கோடு, கட்டம் பிசகாமல். பூச்சி இல்லை. பூச்சியாக இருந்திருக்கலாம்.

ரிட்டர்ன் கெடு தாண்டினாலும் 3 வருட வாரன்டி இருக்கிறதே, அதில் மாற்றித் தர மாட்டார்களா?

சந்தேகப்பிராணி:
இந்த இடத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள். வாரன்டித் தாளில் பிக்சல் பற்றிய பத்தியைப் படியுங்கள். 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேசத் தர விதி பேனல்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தது. இரண்டாம் வகுப்பில் 10 லட்சம் பிக்சலுக்கு முழுதும் எரியும் பிக்சல் 2, முழுதும் இருண்டது 2, துணைப் பிக்சல் பழுது 5 வரை இருக்கலாம். 2008-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 9241-307 வந்தது, ஆனாலும் வகுப்பு பிரிக்கும் வழக்கம் போகவில்லை. உங்கள் திரையில் 20,73,600 பிக்சல், துணைப் பிக்சலாக எண்ணினால் 62 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கில் இப்படிப் பத்துப் புள்ளி இருந்தாலும் மானிட்டர் “நல்ல நிலையில்” இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒன்று. கஸ்டமர் கேரில் பாட்டுப் போட்டுக் காக்கவைத்து, கடைசியில் இதைத்தான் சொல்வார்கள்.

விதிவிலக்கு உண்டு. டெல் அல்ட்ராஷார்ப் போன்றவற்றில் எரியும் பிக்சல் ஒன்று இருந்தாலே மாற்றித் தரும் உறுதி இருக்கிறது. உங்களுடையதில் அப்படி எழுதியிருக்கிறதா?

எழுத்துக்கூட்டி:
இல்லை. “5 வரை ஏற்கத்தக்கது” என்றுதான் இருக்கிறது.

கட்டைவிரல்:
62 லட்சத்தில் ஒன்று. அதற்காக ஒரு மானிட்டரை லாரியில் ஏற்றி அனுப்பி, இன்னொன்றை லாரியில் வரவழைத்து... நம் அப்பாக்கள் கோடு விழுந்த டிவியில் உலகக்கோப்பை பார்த்தவர்கள்.

சந்தேகப்பிராணி:
அப்பாக்கள் அந்த டிவிக்குக் காசு கொடுக்கும்போது கோடு இல்லை அண்ணே. இவர் புதுப்பொருளுக்கு முழு விலை கொடுத்திருக்கிறார். கடை 10 நாள் தந்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்கிறார். மறுத்தால் 1915-க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் பதியலாம்.

ரிச்சி தெருக்காரன்:
ஆலைக்காரர்களே என்ன செய்கிறார்கள் தெரியுமா? எரியும் புள்ளியை லேசரால் சுட்டு இருட்டாக்கிவிடுவார்கள். பிழைக்க வைப்பதில்லை, கொன்றுவிடுகிறார்கள். இருண்ட புள்ளி கண்ணை உறுத்தாது, அவ்வளவுதான் காரணம். பேனல் செய்கிறவனிடமே இதற்குப் பதில் இதுதான் என்றால் வீட்டுப் பென்சில் என்ன செய்யும்?

மின்மினி சொன்னதையும் தள்ளவில்லை. ரிட்டர்ன் வேண்டுகோளை முதலில் பதிந்துவிடுங்கள். ஆள் வந்து எடுத்துப் போகும்வரை மின்னவிட்டுப் பாருங்கள். அழுத்த மட்டும் வேண்டாம். ஓஎல்இடி திரை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் இரண்டுமே வேண்டாம். அங்கே பிக்சல் தானே ஒளிர்கிறது, கதையே வேறு.

மின்மினி:
இந்த வரிசை எனக்குச் சம்மதம். முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாம், விட்டுவிட்டேன்.

எழுத்துக்கூட்டி:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். வேண்டுகோள் பதிந்துவிட்டு மொத்தம் ஆறு மணி நேரம் மின்னவிட்டேன். முதல் நாள் இரவு புள்ளி மங்கியது மாதிரி இருந்தது, காலையில் பழையபடி. ஆள் வந்து எடுத்துப் போய்விட்டார்.

சந்தேகப்பிராணி:
மங்கியது மாதிரி இருந்தது!

மின்மினி:
மங்கியிருக்கிறது இல்லையா? ஆறு மணி நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டி:
மாற்று மானிட்டர் இன்று வந்தது. கறுப்பு, வெள்ளை, மூன்று நிறம், எல்லாம் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன். எரியும் புள்ளி எதுவும் இல்லை. வலக் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. தேடினால்தான் தெரியும். இதை வைத்துக்கொள்ளப் போகிறேன், வீட்டில் இருப்பவர்களிடம் எங்கே என்று காட்டவில்லை.

மழைக்காலம்:
நகர்கிறதா என்று பாருங்கள்.