கடைசி வருஷம் பிடித்துவிடலாம் என்று இருந்தோம்: கலிஃபோர்னியா காலேஜ் அட்மிஷன் அனுபவங்கள்

நான் ஊரில் ப்ளஸ் டூ முடித்து வந்தவன். பதினொன்றில் தூங்கி, பன்னிரண்டில் விழித்து, கட்-ஆஃப் வாங்கிய கூட்டம். கலிஃபோர்னியாவில் பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோதும் அதே கணக்குதான் மனதில் ஓடியது. இப்போது விளையாடட்டும், கடைசி வருஷம் பிடித்துவிடலாம்.

நன்றாகவே விளையாடினான். உயிரியலில் ஒரு சி, வரலாற்றில் ஒரு சி. பத்தாம் வகுப்பில் கொஞ்சம் தேறினான். பதினொன்றின் நடுவில் பள்ளிக் கவுன்சலரைப் பார்க்கப் போனோம். "பன்னிரண்டில் எல்லாமே ஏ வாங்கிவிடுவான்" என்றேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் மேசை நாட்காட்டியைப் புரட்டி நவம்பர் 30இல் விரலை வைத்தார். யு.சி. (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, மாநில அரசுப் பல்கலைக்கழகம்) விண்ணப்பத்துக்கு அப்போது அதுதான் கடைசி நாள். பன்னிரண்டின் முதல் செமஸ்டர் கிரேடு வருவதே அதற்குப் பிறகு. விண்ணப்பத்தில் அந்த வருஷப் பாடங்களின் பெயர் மட்டும் இருக்கும், கிரேடு இருக்காது. எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகு அவரே ஆறுதலாக ஒன்று சொன்னார். யு.சி. பார்க்கும் ஜி.பி.ஏ., அதாவது கிரேடுகளின் சராசரிக் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு கிரேடு சேராதாம். ஒன்பது முடிந்த கோடை தொடங்கி பதினொன்று முடிந்த கோடை வரைதான் கணக்கு. பாடத்தை முடித்ததாக ஏற்க சி போதும், பையன் அந்தக் கோட்டில் தப்பித்திருந்தான். ஆனால் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா வருஷ கிரேடு பட்டியலும் முழுசாகப் போகும், இரண்டு சி-யும் அதில் உட்கார்ந்திருக்கும்.

பதினொன்றுதான் உண்மையில் கழுத்தைப் பிடிக்கும் வருஷம். அக்டோபரில் பி.எஸ்.ஏ.டி. (எஸ்.ஏ.டி. என்ற காலேஜ் நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டம்), மே மாதம் ஏ.பி. தேர்வுகள் (பள்ளியிலேயே படிக்கும் காலேஜ் தரப் பாடங்களுக்கு). யு.சி. 2021 முதல் எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதில்லை என்பது ஒரு நிம்மதி. மற்ற இடங்களுக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதைப் பெரும்பாலும் பதினொன்றில் பாடம் எடுத்தவரிடம்தான் கேட்பார்கள். பையன் வேதியியல் ஆசிரியரிடம் கேட்டான். அவர் ஒரு தாளை நீட்டினார்: "என் வகுப்பில் நீ கேட்ட ஒரு கேள்வியை எழுதிக் கொடு." வருஷம் முழுக்கக் கடைசி பெஞ்சில் வாய் திறக்காதவன், சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இளையவள் இப்போது எட்டில். அல்ஜீப்ரா, ஸ்பானிஷ் இரண்டையும் எட்டிலேயே எடுத்தாலும் யு.சி. பாடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இந்த முறை முன்பே விசாரித்து வைத்திருக்கிறேன்.

மறுமொழி

சார், எங்கள் வீட்டில் நேரெதிர். மகள் மூன்று வருஷமும் ராத்திரி பகலாகப் படித்தாள். விண்ணப்பம் போனதும் விட்டுவிட்டாள். சீனியரைட்டிஸ் என்று இங்கே பெயரே வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் இயற்பியல் கஷ்டமாக இருக்கிறதென்று பாடத்தைக் கைவிட்டாள், எங்களிடமும் சொல்லவில்லை. மார்ச்சில் யு.சி. இடம் கிடைத்தது, கேக் வெட்டினோம். நிபந்தனைகளை நான் வாசித்தது மே மாதம்தான். விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தை மாற்றினால் தெரிவிக்க வேண்டும், டி, எஃப் கூடாது, ஜூலையில் கடைசி டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டும். கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கவும் செய்யலாம். அன்றிரவே உட்கார்ந்து காரணத்தை எழுதி அனுப்பினாள். பதில் வர மூன்று வாரம். ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மறுமொழி

என் பதினொன்றாம் வகுப்பு மொத்தமாக நாசம். கம்யூனிட்டி காலேஜில் (இங்கே உள்ள இரண்டு வருஷக் காலேஜ்) 60 செமஸ்டர் யூனிட், அதாவது இரண்டு வருஷப் பாடம் முடித்து, மூன்றாம் வருஷ மாணவனாக யு.சி.யில் சேர்ந்தேன். அவர்கள் பார்த்த ஜி.பி.ஏ. காலேஜ் பாடங்களுடையது. அப்பா மட்டும் அந்தப் பதினொன்றாம் வகுப்பு ரிப்போர்ட்டை இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்.