சொல் வரைபடம்: கோட்டின் மேல் என்ன எழுதுவது?

மொழிப்பாட ஆசிரியை:
நடுவில் ஒரு சொல், சுற்றிலும் வட்டங்கள். பார்க்க அழகுதான். ஆனால் கோட்டின் மேல் எதுவும் எழுதாவிட்டால் அது வட்டம் போட்ட பட்டியல், அவ்வளவே. ஆறாம் வகுப்பில் 'வெள்ளம்' என்று எழுதிவிட்டுப் பிள்ளைகளிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். மழை, படகு, அணை, நோய் என்று வந்தன. ஒவ்வொரு கோட்டிலும் என்ன தொடர்பு என்று எழுதச் சொன்னேன். அணையில் வந்து நின்றது சண்டை. "அணை வெள்ளத்தைத் தடுக்கும்" என்றாள் ஒருத்தி. "உடைஞ்சா அதனாலதானே வரும்?" என்றான் இன்னொருவன். சரி, இரண்டு கோடு போடுங்கள் என்றேன். மதகு, கரை, உடைப்பு எல்லாம் அந்த வாக்குவாதத்தில்தான் வந்தன. நான் சொல்லித்தர நினைத்திருந்தது மதகு மட்டும்.

அறிவியல் ஆசிரியர்:
எனக்குப் பிரேயர் (Frayer) கட்டம்தான் கைகொடுக்கிறது; ஒரு சொல்லின் கருத்தை நான்காகப் பிரித்துப் பார்க்கும் படம் அது. 1969-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவானது. வரையறை, பண்புகள், எடுத்துக்காட்டுகள், எடுத்துக்காட்டு அல்லாதவை என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றையும் புத்தகத்தைப் பார்த்தே நிரப்பிவிடுவார்கள். யோசிக்க வைப்பது நான்காவதுதான். 'ஊர்வன' பாடத்தில் பாம்பு, பல்லி, ஆமை வரை தகராறு இல்லை. மண்புழுவை எங்கே போடுவது? அது ஊர்ந்துதானே போகிறது! முதுகெலும்பு, செதில் என்று பண்புகள் கட்டத்துக்கு அவர்களாகவே திரும்பிப் போனார்கள்.

இரண்டாம் மொழி கற்பிப்பவர்:
மொழிப்பாட டீச்சர் சொன்னது தெரிந்த மொழிக்குப் பொருந்தும். புது மொழியில் கொஞ்சம் கவனம் வேண்டும். நிறங்கள், உடல் உறுப்புகள் என்று ஒரே இனத்துச் சொற்களைப் புதிதாக ஒரே படத்தில் கொட்டினால் ஒன்றுக்கொன்று குழம்பும். டிங்கம் 1993-லும் வேரிங் 1997-லும் வெளியிட்ட ஆய்வுகளில் இதுதான் தெரிந்தது. தவளை, குளம், நீந்து, பச்சை என்று ஒரு காட்சியில் சேரும் சொற்கள் அப்படிக் குழப்புவதில்லை. அதனால் என் வகுப்பில் படத்தின் பெரும்பகுதி தெரிந்த சொற்கள், புதியவை ஒன்றிரண்டுதான். இனவாரிப் படமெல்லாம் சொற்கள் பழகிய பிறகு, மீள்பார்வைக்கு.

மொழிப்பாட ஆசிரியை:
மீள்பார்வைக்கு ஒரு வழி: பழைய படத்தையே எடுத்து, வேறு நிறப் பேனாவால் புதுச் சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள் சார். யாருக்கு எது புதிதாக ஏறியிருக்கிறது என்று நிறத்தை வைத்தே தெரிந்துவிடும். தனியாகத் தேர்வு வைக்க வேண்டாம்.