ஊக்கமருந்துக்கு வேறு சொல் உண்டா? (கலைச்சொல் இழை)

அனுப்புநர்: கல்லூரித்தமிழ்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கான சொற்போர்ப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பு இது: "தொழில்முறை விளையாட்டில் ______ அனுமதிக்கலாமா?" கோடிட்ட இடத்தில்தான் சிக்கல்.

நாளிதழ்களைப் போல 'ஊக்கமருந்து' என்று போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் பாடத்துக்குள் நுழைந்ததுமே இடிக்கிறது. பீட்டா தடுப்பான் என்று ஒன்று வருகிறது. இதயத் துடிப்பைத் தணித்துக் கை நடுக்கத்தை அடக்குவது அதன் வேலை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங்-சு அதை உட்கொண்டது தெரியவந்து, வெள்ளியையும் வெண்கலத்தையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. உடலை அடக்கி வைக்கும் பொருளுக்கு ஊக்கமருந்து என்று எழுதக் கை வரவில்லை. அடுத்த பத்தியில், தன் இரத்தத்தையே எடுத்துச் சேமித்துப் போட்டிக்கு முன் ஏற்றிக்கொள்ளும் வித்தை. அது மருந்தே இல்லை. சொல்லின் முன்பாதி ஓரிடத்தில் உதைக்கிறது, பின்பாதி இன்னோரிடத்தில்.

ஆங்கிலச் சொல்லையே எடுத்து 'டோப்பிங்' என்று எழுதிப் பார்த்தேன். மெய்ப்புத் திருத்துபவர் "டோப்பா வைப்பதையா சொல்கிறீர்கள்?" என்று ஓரத்தில் குறித்து அனுப்பிவிட்டார்.

---

அனுப்புநர்: ஒற்று

எனக்கு 'ஊக்கமருந்து' என்ற சொல்லின்மேல் நெடுநாள் கோபம் உண்டு. வள்ளுவர் 'ஊக்கமுடைமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். "உடையர் எனப்படுவது ஊக்கம்" என்பது அதன் முதற்குறள். ஒருவனிடம் வேறு என்ன இருந்தாலும் ஊக்கம் இல்லாவிட்டால் எதுவும் இல்லை என்கிறார். அந்தச் சொல்லை ஊசியில் நிரப்பித் தொடையில் குத்திக்கொள்வதற்குப் பெயராக்கிவிட்டோம். மாத்திரையில் கிடைக்கும் ஊக்கத்துக்கு எதற்கு ஐயா அதிகாரம்?

'கள்ளவூக்கம்' என்பது என் பரிந்துரை. அவசரத்தில் யாரும் 'கள்ளூக்கம்' என்று எழுதிவிட வேண்டாம். கள்ள + ஊக்கம் என்றால் வகர உடம்படுமெய் பெற்றுக் கள்ளவூக்கம் ஆகும். கள் + ஊக்கம் என்றால்தான் தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற விதிப்படி கள்ளூக்கம்.

---

அனுப்புநர்: நெறியாளர்

இரண்டாவதும் வீண்போகாது அம்மா. 1904 செயின்ட் லூயிஸ் மாரத்தானில் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழி நெடுக ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சும் பிராந்தியும் கொடுத்துத்தான் ஓட வைத்தார்கள். அது இலக்கண சுத்தமான கள்ளூக்கம். அன்றைக்கு அதைத் தடுக்கும் விதியும் கிடையாது.

தலைப்பைவிட்டு விலகாமல் பேசுவோம்.

---

அனுப்புநர்: ஓடுதளம்

நான் பயிற்சியாளனாக இருந்தவன். மருந்தை அனுமதிக்கவே கூடாது என்னும் கட்சி. ஆனால் 'கள்ளவூக்கத்தை' ஏற்கமாட்டேன். "கள்ளத்தனத்தை அனுமதிக்கலாமா?" என்று தலைப்பு வைத்துவிட்டு, ஆதரித்துப் பேச ஒரு பிள்ளையை மேடை ஏற்றுவது என்ன நியாயம்? வாயைத் திறக்கும் முன்பே தோற்றுவிடுவான். 'தடைமருந்து' என்று யாரோ தனிமடலில் எழுதியிருந்தார்கள். அதுவும் இதே கதைதான். தடைசெய்ததை அனுமதிக்கலாமா என்று கேட்டால் கேள்வி தன்னையே கடித்துக்கொள்கிறது.

எதிர்த்தரப்புக்கு வலுவான வாதங்கள் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டாம். எரித்ரோபொயட்டின் என்பது சிறுநீரகம் தானே சுரப்பது, சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. அதை ஊசியாகப் போட்டால் குற்றம். மலையுச்சியில் போய்த் தங்கி அதே சுரப்பைக் கூட்டினால் பயிற்சி. உயிர்வளி குறைந்த கூடாரத்தை வீட்டுக்குள்ளேயே போட்டுத் தூங்கினாலும் குற்றமில்லை. ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மன்ட்டிரன்ட்டாவுக்குப் பிறவியிலேயே மரபணு மாற்றத்தால் சிவப்பணுக்கள் மிகுதி. 1964இல் இன்ஸ்புருக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அவருக்கு இயற்கை கொடுத்ததை மற்றவர் ஊசியில் வாங்கினால் அநியாயமா என்று கேட்கும் மாணவருக்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

என் பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது. கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டம் போட்டுச் சிறுமிகளுக்கு நீல மாத்திரைகளை வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தது. ஆண் ஹார்மோனின் வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு அது. குரல் கட்டையானது, பிற்காலத்தில் உடல் கெட்டது. அனுமதித்தால், வேண்டாம் என்று சொல்லும் வீரர் அணியில் எத்தனை நாள் இருப்பார்? உரிமை என்று தொடங்குவது ஒரே பருவத்தில் கட்டாயமாகிவிடும். இதையெல்லாம் மாணவர்கள் பேசட்டும். சொல்லே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

---

அனுப்புநர்: வேர்ப்பலா

ஒருவரும் வேருக்குப் போகவில்லையே! 'டோப்' எங்கிருந்து வந்தது? டச்சு மொழியில் 'டோப்' என்றால் தோய்த்து உண்ணும் சாறு. 'டோப்பென்' என்றால் தோய்த்தல், அமிழ்த்தல். ஞானஸ்நானத்துக்கும் அவர்கள் அதே வினையையே ஆளுகிறார்கள். அந்தச் சாறு கடல் கடந்து அமெரிக்கா போய்க் கூழான எதற்கும் பெயராகி, அபினிக் குழம்பாகி, பந்தயக் குதிரைக்குக் கொடுக்கும் சரக்காகி, கடைசியில் மனிதனுக்கு வந்தது.

இப்போது தமிழின் 'தோய்' என்பதைப் பாருங்கள். தகரம் டகரமாவது புதிதல்ல. தோய், தோய்ப்பு, டோய்ப்பு, டோப்பு! 'நஞ்சு தோய் அம்பு' என்கிறோம். கிரேக்கத்தில் நஞ்சுக்கான சொல்லே வில்லிலிருந்து பிறந்தது. அம்பில் தடவும் மருந்து என்பதே அதன் பழம்பொருள். வில்வித்தை வீரர்களுக்கு இன்றும் பீட்டா தடுப்பான் மறுக்கப்படுவது தற்செயலா? ஆகவே 'தோய்மருந்து' என்பதே வேரோடு வந்த சொல். இதுபற்றி மேலும் நான்கு மடல்கள் எழுத உத்தேசம்.

---

அனுப்புநர்: மருந்தியல்

வேர்ப்பலா ஐயா, வில்வித்தையில் அதைத் தடுப்பது கை நடுங்காமல் இருக்கும் என்பதற்காக. கிரேக்கர்களுக்கு அதில் பங்கில்லை.

இங்கே இரண்டு கருத்துகள் ஒரே சொல்லில் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, உடலுக்குள் போகும் பொருள். இன்னொன்று, குற்றம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 1999இல் உருவானது. அதன் விதித்தொகுப்பு 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது டோப்பிங்குக்குத் தரும் வரையறை 'விதிமீறல்' என்பதுதான். 2021 பதிப்பில் அப்படிப் பதினோரு விதிமீறல்கள் இருக்கின்றன. மாதிரி கொடுக்காமல் நழுவுவது, மாதிரியில் கைவைப்பது, இருப்பிடத்தைச் சொல்லாமல் பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை சோதனைக்குச் சிக்காமல் போவது எல்லாம் அதில் அடக்கம். ஒரு மாத்திரையும் விழுங்காமல் 'டோப்பிங்' செய்துவிட முடியும். 2012இல் மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பந்தயப் பட்டங்களும் பறிபோனபோது முதன்மைச் சான்றாக நின்றவை சக வீரர்களின் வாக்குமூலங்கள்.

உங்கள் தலைப்பு பொருளைப் பற்றிக் கேட்கிறது, குற்றத்தைப் பற்றி அல்ல. எனவே பொருளுக்குத் 'திறனேற்றி' என்றும் குற்றத்துக்குத் 'திறனேற்று முறைகேடு' என்றும் வைக்கலாம். 'ஊக்கி' என்பதைத் தனியே காப்பாற்றியாக வேண்டும். தடைப்பட்டியலில் நரம்பைக் கிளப்பும் பொருள்கள் தனி வகை, ஆம்ஃபெட்டமின் போன்றவை. 1967 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மான் வான்டூ மலையேற்றத்தில் மிதிவண்டி வீரர் டாம் சிம்ப்சன் சரிந்து இறந்தபோது உடலில் இருந்தது அதுதான், சாராயத்தோடு. மொத்தப் பட்டியலுக்கும் ஊக்கமருந்து என்று பெயர் வைத்துவிட்டால் இந்த ஒரு வகைக்கு எந்தச் சொல்லைக் கொண்டுவருவீர்கள்?

---

அனுப்புநர்: செய்திமேசை

விளையாட்டுப் பக்கத்தில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 'திறனேற்றி' என்று தலைப்புப் போட்டால் வாசகர் செல்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி என்று நினைப்பார். இயற்பியல் பாடத்தில் திறன் என்பது வேறு; மின்னேற்றி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் விளையாட்டு எங்கே வந்தது?

1988இல் சியோலில் பென் ஜான்சன் நூறு மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, ஸ்டனோசொலால் என்ற ஸ்டீராய்டு உடலில் இருந்தது உறுதியாகித் தங்கத்தைப் பறிகொடுத்த நாள் முதல் 'ஊக்கமருந்து' என்றால் என்ன என்று பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் தெரியும். மருந்தியல் நண்பரே தம் மடலில் 'உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை' என்றுதானே எழுதினார்? திறனேற்றித் தடுப்பு முகமை என்று எழுதவில்லையே! தூய்மைக்காகச் சொல் செய்யலாம். யாருக்கும் புரியாவிட்டால் அதை நீங்களே உட்கார்ந்து படித்துக்கொள்ள வேண்டும்.

---

அனுப்புநர்: மருந்தியல்

எழுதினேன். நிறுவனத்தின் பெயர் அப்படி வழங்குகிறது; பெயரை நான் திருத்த முடியாது. இது தூய்மைச் சண்டையும் இல்லை. ஊக்கம், மருந்து, திறன் மூன்றுமே தமிழ்தான். துல்லியம்தான் என் கவலை. சிறுநீர்ப்பெருக்கி பட்டியலில் இருக்கிறது. அது பெரும்பாலும் யாரையும் வேகமாக ஓட வைக்காது. மற்ற மருந்தின் தடயத்தை நீர்த்துப்போகச் செய்து மறைக்கும். அதுவும் ஊக்கமருந்தா?

---

அனுப்புநர்: செய்திமேசை

அது திறனேற்றியும் இல்லையே!

---

அனுப்புநர்: ஒற்று

இந்த அடி நன்றாக விழுந்தது. என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். கள்ளவூக்கத்துக்கு ஆதரவாக ஒருவரும் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

நன்னூல் வழி ஒன்று உண்டு: காரண இடுகுறி. முள் உள்ள செடிகள் எத்தனையோ. ஆனாலும் 'முள்ளி' என்றால் ஒரு செடிதான். முள் என்பது காரணம். அந்த ஒன்றுக்கே பெயர் நின்றுவிட்டது இடுகுறி. 'ஊக்கமருந்து' இப்போது அந்த நிலைக்கு வந்துவிட்டது. காரணத்தைத் தோண்டினால் பீட்டா தடுப்பானில் உதைக்கத்தான் செய்யும். தோண்டாதீர்கள். எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார்; எப்படிக் குறிக்கிறது என்று சொல்லின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கச் சொல்லவில்லை.

ஒரு நிபந்தனை. தலைப்பில் இதைப் போடுங்கள். உள்ளே, நரம்பைக் கிளப்பும் வகைக்குக் 'கிளர்வூட்டி' என்று தனியாக வையுங்கள். மருந்தியல் கேட்ட இடம் அதில் நிரம்பிவிடும்.

---

அனுப்புநர்: ஓடுதளம்

இடுகுறி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த இடுகுறி மனிதர்கள்மேல் ஒட்டிக்கொள்கிறது. 2000 சிட்னியில் ருமேனியாவின் ஆந்திரேயா ரடுக்கான், பதினாறு வயது. சளிக்காக அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் அன்று தடைப்பட்டியலில் இருந்த சூடோஎபெட்ரின் இருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவின் தங்கம் போயிற்று. அந்தப் பிள்ளை ஏமாற்ற நினைத்தது என்று யாரும் சொல்லவில்லை. உடலில் இருந்தால் பொறுப்பு வீரருடையது, எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி என்பதே விதி. தமிழில் 'ஊக்கமருந்து உட்கொண்டவர்' என்று எழுதியதும் அந்த வேறுபாடு காணாமல் போகிறது. காஃபினைப் பாருங்கள்: 2003 வரை ஓர் அளவுக்கு மேல் இருந்தால் குற்றம், 2004 முதல் குற்றமில்லை. பொருள் அதேதான். பட்டியல்தான் மாறியது.

மறுதரப்பும் சொல்லைச் சும்மா விடவில்லை. மருந்துக்குத் தடையில்லாத போட்டியை அறிவித்தவர்கள் அதற்கு 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மேம்பட்டவர்களின் போட்டி! மற்றவர்கள் எல்லாம் மேம்படாதவர்கள் போலும். திறனேற்றி என்ற சொல்லிலும் அந்த விளம்பர வாடை கொஞ்சம் அடிக்கிறது என்று இப்போது படுகிறது. ஆக, எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. 'பட்டியற்பொருள்' என்று ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். ஏமாற்றும் இல்லை, மேம்பாடும் இல்லை.

---

அனுப்புநர்: செய்திமேசை

பட்டியற்பொருள் என்றால் மளிகைச் சீட்டு.

---

அனுப்புநர்: நெறியாளர்

வியாழன் மாலை ஆகிவிட்டது. தலைப்புக்கு 'ஊக்கமருந்து' என்பதில் பெரும்பாலோர் உடன்படுவதாகத் தெரிகிறது. உடன்பட்டார்களா களைத்துப்போனார்களா என்று நான் ஆராயவில்லை. குற்றத்துக்கு 'ஊக்கமருந்து விதிமீறல்'. தனி வகைக்குக் 'கிளர்வூட்டி'. 'திறனேற்றி' அடைப்புக்குள் மாற்றுச்சொல்லாக இருக்கட்டும். ஓடுதளத்தின் மறுப்பையும் குழுவின் சொற்கோப்பில் பதிந்துவிடுகிறேன்.

---

அனுப்புநர்: கல்லூரித்தமிழ்

அனைவருக்கும் நன்றி. தலைப்பு: "தொழில்முறை விளையாட்டில் ஊக்கமருந்தை அனுமதிக்கலாமா?" இரத்தமேற்றலுக்கும் பீட்டா தடுப்பானுக்கும் பக்கத்தின் அடியில் ஒரு வரி விளக்கம் போட்டுவிட்டேன். ரடுக்கான் செய்தியைப் பயிற்சி வினாவாகச் சேர்த்திருக்கிறேன்: பதக்கத்தைப் பறித்தது சரியா, இருதரப்பிலும் நின்று பேசுக.

கடைசியாக ஒன்று. ஊக்கமருந்து, ஊக்க மருந்து: சேர்த்தா, பிரித்தா?

---

அனுப்புநர்: ஒற்று

சேர்த்து. பிரித்தால் காரணப்பெயர் ஆகிவிடும். இவ்வளவு நேரம் பேசியது வீண்.

---

அனுப்புநர்: மருந்தியல்

பிரித்து. காரணம் இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்காகத்தானே அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டோம்?

---

அனுப்புநர்: வேர்ப்பலா

தோய் என்ற வேரை இதுவரை எவரும் மறுக்கவில்லை. ஏற்கப்பட்டதாகவே கொள்கிறேன். முதல் மடல் நாளை காலை.

---

அனுப்புநர்: நெறியாளர்

கொள்ள வேண்டாம் ஐயா.